பெயின்ட் ஷாப் வாசலில் ஒரு மூக்கு

மண்ணாங்கட்டி முதலில் பிடரியைத்தான் முகர்வார். அடுத்து வலது காதின் பின்புறம். கடைசியில் இரண்டு கையின் விரல் நுனிகள். ஆளுக்கு ஐந்து விநாடி, நாற்பத்திரண்டு ஆளுக்கு மூன்றரை நிமிஷம். காலை ஆறு மணி ஷிஃப்டுக்கு ஐந்தே முக்காலுக்கெல்லாம் பெயின்ட் ஷாப் கதவுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். “குனி” என்பார். பையன்கள் தொட்டியில் தண்ணீர் குடிக்கிற மாடு மாதிரி வரிசையாகத் தலையைத் தாழ்த்துவார்கள். புதிதாக வந்த ஒருவன், பெரியவர் முத்தம் கொடுக்கத்தான் வருகிறார் என்று பயந்து பாத்ரூம் வரைக்கும் ஓடியிருக்கிறான்.

ஒரகடத்தில் கார் பம்பருக்குப் பெயின்ட் அடிக்கிற கம்பெனி அது. தலையில் தேய்த்த எண்ணெய், முகத்துப் பவுடர், கக்கத்து சென்ட் எதுவாக இருந்தாலும் சரி, துளி காற்றில் கலந்து ஈரப் பெயின்டின் மேல் உட்கார்ந்தால் அங்கே ஒரு குட்டிப் பள்ளம் விழும். காய்ந்த பிறகு பார்த்தால் பம்பருக்கு அம்மை போட்டிருக்கும். ஒருத்தன் தலை எண்ணெய்க்கு முப்பது பம்பர் குப்பைக்குப் போன நாளும் உண்டு. அதனால் போட்டு வந்து மாட்டினால் நோட்டில் பெயர் ஏறும். மூன்றாம் தடவை கேட் பாஸைப் பிடுங்கி ஊருக்கு பஸ் ஏற்றிவிடுவார்கள்.

இந்த வேலைக்கு மண்ணாங்கட்டியை யாரும் எடுக்கவில்லை. பம்பரை உப்புத்தாளால் தேய்க்கிற லைனில் இரண்டு வருஷம் நின்று முட்டி கழன்றிருந்த மனுஷன். ஒரு நாள் பள்ளம் பள்ளமாக விழ, சூப்பர்வைசர் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றபோது, லைனிலிருந்தே குரல் கொடுத்தார்: “சார், எவனோ பொன்னாங்கண்ணித் தைலம் தேச்சிக்கினு வந்துகீறான். அதோ, அந்தக் கோடியாண்ட மஞ்சத் தொப்பி.” மஞ்சள் தொப்பியைக் கழற்றினால் தலை மினுமினுத்தது. மறுநாளே ஸ்டூல் வந்துவிட்டது.

பெயரைக் கேட்டுச் சிரிக்காதவர்கள் இல்லை. அவருக்கு முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை. மூன்றாவதற்கு மண்ணாங்கட்டி என்று வைத்தால் எமன் கண்டுகொள்ள மாட்டான் என்று வீட்டில் கணக்குப் போட்டிருக்கிறார்கள். எமனை ஏமாற்றியவரைப் பையன்கள் ஏமாற்றப் பார்த்தார்கள். ஒரு தடவை அவருடைய தொப்பிக்குள்ளேயே மருக்கொழுந்தைச் செருகி வைத்தார்கள். ஸ்டூலில் உட்கார்ந்தவர் இரண்டு தரம் மூக்கை உறிஞ்சினார். தொப்பியை எடுத்துப் பார்த்தார். யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. நோட்டை வாங்கித் தன் பெயரையே கோணல் எழுத்தில் எழுதிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். அதோடு அந்த விளையாட்டு செத்தது.

பீடி கிடையாது. டியூட்டி முடிகிற வரை டீ கிடையாது. தலைக்கு வெறும் சீயக்காய். “எனுக்கு மூக்கு ஒண்ணுதாம்பா மிசினு. மிசினுல தூசு பூந்தா கம்பெனிக்காரன் வுடுவானா?” என்பார்.

இரண்டாயிரத்து ஐந்து கார்த்திகையில் மழை ஏரியையெல்லாம் தெருவுக்குக் கூட்டி வந்தது. தண்ணீர் வடிந்ததும் ஊருக்கே காய்ச்சல். மண்ணாங்கட்டி ஆறு நாள் படுத்து ஏழாம் நாள் எழுந்தார். வாய் கசந்தது, காது அடைத்தது, எல்லாம் ஒவ்வொன்றாகச் சரியானது. மூக்கு மட்டும் திரும்பவில்லை.

முதலில் கண்டுபிடித்தது மனைவி காவேரி. பால் பொங்கி, வழிந்து, தீய்ந்து, பாத்திரம் கரியாகிப் புகைகிறது. அடுப்புக்கு இரண்டு முழம் தள்ளி இவர் முதுகைக் காட்டிக்கொண்டு செருப்புக்கு வார் தைத்துக்கொண்டிருக்கிறார்.

“யோவ், கல்லு மாரி குந்திக்கினு கீற? தெருவே நாறுது, உனுக்குத் தெர்ல?”

“தெர்லடி” என்றார். சொன்ன பிறகுதான் அவருக்கே தெரிந்தது.

ஆஸ்பத்திரி டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். “வைரஸ் காய்ச்சல்ல வாசனை நரம்பு அடிபட்டிருக்கு. வரலாம், வராமலும் போகலாம். வர்றப்ப கோணல்மாணலாவும் வரும், பயப்படாதீங்க” என்றார்.

பயப்படாமல் எப்படி இருப்பது? மூக்கு போனால் ஸ்டூல் போச்சு. ஸ்டூல் போனால் மறுபடி தேய்க்கிற லைன். அந்த முட்டி அங்கே ஒரு வாரம் தாங்காது. தாங்காத ஆளை காண்ட்ராக்டர் வைத்துக்கொள்ள மாட்டார். ஐம்பத்திரண்டு வயசு ஆளுக்கு இந்த ரோட்டில் வேறு எந்த கேட்டும் திறக்காது.

ஆகவே மண்ணாங்கட்டி நடிக்க ஆரம்பித்தார். பிடரியில் மூக்கை வைப்பார். ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுவார். தப்பு செய்தவனுக்கு மூன்று எண்ணுவதற்குள் தொண்டைக்குழி ஏறி இறங்கும். “இன்னாடா?” என்றால் போதும், “ஒரு சொட்டுதான்ணே, தலவலி” என்று அவனே ஒப்புக்கொள்வான். மூக்கு செய்த வேலையை இரண்டு மாதம் கண் செய்தது. சில நாள் அதுவும் ஏமாற்றியது. மனசாட்சியே இல்லாத ஒருத்தன் தலை நிறைய எண்ணெயோடு சாதுவாகக் குனிந்து, சாதுவாக உள்ளே போய்விட்டான். ஆறு பம்பர் போயின. “காத்து மாறி அடிச்சுது சார்” என்றார் மண்ணாங்கட்டி. வீட்டுக்குப் போய் அன்றைக்குச் சாப்பிடவில்லை. சாப்பிட்டால் மட்டும் என்ன, எதைத் தின்றாலும் நனைந்த அட்டை.

மாசி மாதம் ஒரு சனிக்கிழமை. வரிசையில் பதினேழாவதாக இசக்கியப்பன் வந்தான். நாங்குநேரிப் பக்கத்துப் பையன், இருபது வயசு. சுங்குவார்சத்திரத்தில் ஒரே ரூமில் ஆறு பேரோடு இருக்கிறான். நோட்டில் ஏற்கெனவே இரண்டு தடவை மாட்டியவன். முதலாவது தேங்காய் எண்ணெய். இரண்டாவது, பேக்கிங் பிரிவு மாரிசெல்வி பார்ப்பாள் என்று அப்பிய பவுடர். அவள் பார்க்கவில்லை, மண்ணாங்கட்டி பார்த்துவிட்டார். பயிற்சி முடிந்து நிரந்தரப் பட்டியலில் பெயர் வர அவனுக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

“குனி.”

குனிந்தான். மண்ணாங்கட்டி மூக்கை வைத்தார். ஒன்று எண்ணுவதற்குள் வாசனை வந்தது.

நிஜமான வாசனை. தித்திப்பாக, கெட்டியாக, வெடித்த பலாப்பழத்தில் மட்டமான சென்ட்டைக் கொட்டின மாதிரி. எழுபத்தெட்டு நாளுக்குப் பிறகு! அவர் கண்ணில் நீர் முட்டிவிட்டது. இசக்கியப்பனின் சட்டைக் காலரைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு, “வந்துச்சு! வந்துச்சுடா! சென்ட்டு!” என்று கத்தினார். பார்த்தவர்களுக்கு அது திருடனைப் பிடித்த சந்தோஷம் போல இருந்தது.

“அண்ணாச்சி, நான் ஒண்ணும் போடல அண்ணாச்சி. பச்சத் தண்ணியிலதான் குளிச்சேன், சோப்பு கூட இல்ல...”

சூப்பர்வைசர் சுபாஷுக்கு இருபத்தேழு வயசு, டிப்ளமோ. நோட்டைப் புரட்டினான். “மூணாவது. செக்யூரிட்டி ரூம்ல போய் உக்காரு. ரெண்டு மணிக்கு காண்ட்ராக்டர் வருவாரு, பேசி முடிச்சுக்கோ.” கேட் பாஸைக் கழற்றித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

அடுத்தவன் குனிந்தான். அவனிடமும் பலாப்பழம். அதற்கடுத்தவனிடமும். பையனுடைய வாசனை காற்றில் நிற்கிறது போல என்று மண்ணாங்கட்டி நினைத்துக்கொண்டார். அப்படி நினைக்கத்தான் ஆசையாக இருந்தது.

எட்டரை மணி டிபன் இடைவேளையில் குடிதண்ணீரை முகர்ந்தார். பலாப்பழம். இரும்புத் தூணை முகர்ந்தார். யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்ததும் தன் செருப்பை எடுத்து முகர்ந்தார். செருப்பும் பலாப்பழம். காம்பவுண்ட் ஓரத்துக்குப் போய் ஏரிக் காற்றில் நின்றார். கடைசியில், செய்யாமல் தள்ளிப்போட்டதைச் செய்தார். கட்டைவிரலாலும் ஆள்காட்டிவிரலாலும் மூக்கை இறுக்கி மூடிக்கொண்டு, மூச்சையும் நிறுத்தினார்.

வாசனை அப்படியே இருந்தது. அது வெளியிலிருந்து வரவில்லை. அவர் மண்டைக்குள்ளேயே இருந்தது.

முட்டி வலியோடு செக்யூரிட்டி ரூம் வரை நடந்தார். போவதற்கு முன் ஒரு யோசனையும் வராமல் இல்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் பையன் போவான், ஸ்டூல் இருக்கும். இரண்டு மாதம் நடித்தவருக்கு இன்னும் கொஞ்ச நாள் நடிக்கத் தெரியாதா?

ஜன்னல் வழியாகப் பார்த்தார். இசக்கியப்பன் சட்டையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, காலர், அக்குள், பை, பட்டன் ஓரம் என்று ஒவ்வொரு இடமாக முகர்ந்துகொண்டிருந்தான். அவரைப் பார்த்ததும் எழுந்தான்.

“அண்ணாச்சி, ஒங்க மூக்கு தப்பாதுன்னு எல்லாரும் சொல்லுதாவ. அப்ப நாந்தான் எங்கயோ எதையோ தொட்டிருக்கணும். காலம்பறல இருந்து ரோசிச்சிப் பாக்கேன். பஸ்ஸுல பக்கத்துல இருந்தவன் போட்டிருந்தானோ என்னமோ. எனக்கு ஒண்ணும் மணக்கல. நீங்களே இன்னொருக்கப் பாத்து, எந்த எடம்னு மட்டும் சொல்லுங்க. துவைச்சிருதேன்.”

சட்டையை ஜன்னல் கம்பி வழியாக நீட்டினான். மண்ணாங்கட்டி வாங்கவில்லை. திரும்பி நேராக சுபாஷிடம் போனார்.

“சார், அந்தப் பையன் ஒண்ணும் போடல. எம் மூக்கு பூட்ச்சு சார். காய்ச்சலோட பூட்ச்சு. ரெண்டு மாசமா எனுக்கு ஒரு எழவும் தெர்ல.”

சுபாஷ் சிரித்தான். “இன்னா நைனா, பையன் அழுதானா? முந்தாநேத்து கூட ஒருத்தனைப் புடிச்சியே.”

“அது மூஞ்சியப் பாத்துப் புட்ச்சேன் சார்.”

“காலைல சென்ட்டுன்னு கத்தினியே?”

“அது இங்க அடிக்கிது சார்.” நெற்றியைத் தட்டிக் காட்டினார். “இப்பவும் அடிக்கிது. மூக்கப் பொத்தினாலும் அடிக்கிது.”

சுபாஷ் பெயின்ட் கலக்கிற தின்னரில் துணியை நனைத்து எடுத்து வந்து அவர் முகத்தருகே நீட்டினான். மண்ணாங்கட்டியின் கண்ணிரண்டும் கலங்கின.

“இன்னா தெரியுது?”

“எரியுது சார். வாசன தெர்ல.”

“எரியுதுல்ல? அப்ப மூக்கு வேல செய்யுது, போ.” துணியை வீசினான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டான். “நைனா, நல்லா கேட்டுக்கோ. நெசமாவே மூக்கு போச்சுன்னா நாளையிலேர்ந்து உனக்கு இங்க எடம் இல்ல. மறுபடி தேய்க்கிற லைன். அந்த முட்டிய வெச்சிக்கினு எத்தினி நாள் நிப்ப? எவனோ திருநெல்வேலிக்காரனுக்கு நீ இன்னாத்துக்கு மாட்டிக்கிற? நான் இத்தக் காதுல வாங்கல. போய் வேலையப் பாரு.”

நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். அதுதான் கஷ்டம். மூன்று வருஷமாக அந்த மூக்கை நம்பிப் பழகிய ஆளிடம், அது பொய் என்று எப்படி நிரூபிப்பது? கால் உடைந்தால் கட்டுப் போட்டுக் காட்டலாம். மூக்கை எதைக் கொண்டு காட்டுவது?

ஒரு மணிக்குச் சாப்பாட்டு மணி அடித்தது. பெயின்ட் ஷாப்புக்குப் பின்னால் அன்று கழிவுத் தொட்டியைத் திறந்திருந்தார்கள். பெயின்ட் புகையைக் கழுவி வருகிற தண்ணீரெல்லாம் அதில் தேங்கி, கெட்டியாகி, அழுகும். மூடியைத் திறந்தால், அழுகின முட்டைக் குழம்பில் செத்த எலியை ஊறப்போட்ட மாதிரி ஒரு நாற்றம் கிளம்பும். காக்காய் கூட அந்தப் பக்கம் சுற்றிக்கொண்டு போகும். சுத்தம் செய்கிறவர்களே முகத்தில் மூன்று சுற்றுத் துணி கட்டிக்கொண்டு, பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை ஓடி வந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

மண்ணாங்கட்டி கேன்டீன் பக்கம் போகவில்லை. சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு தொட்டியை நோக்கி நடந்தார். “சார், கொஞ்சம் வாங்க. மூக்கு இருக்கிறவன் இங்க துன்ன முடியுமான்னு பாத்துட்டுச் சொல்லுங்க” என்று போகிற போக்கில் சொன்னார். சுபாஷ் பின்னாலேயே வந்தான். பத்தடி தூரத்திலேயே கைக்குட்டை மூக்குக்குப் போனது. ஐந்தடியில் நின்றுவிட்டான். சுவரோரம் வேடிக்கை பார்க்க வந்த பையன்கள் சட்டையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்கள். ஒருத்தன் ஓடியே போய்விட்டான்.

மண்ணாங்கட்டி தொட்டியின் விளிம்பில், வலிக்கிற காலை நீட்டி உட்கார்ந்தார். டப்பாவைத் திறந்தார். சோறும் கத்திரிக்காய்க் குழம்பும். பிசைந்து ஒரு வாய் போட்டுக்கொண்டார். முகம் சுளிக்கவில்லை, அவசரப்படவில்லை. இன்னொரு வாய். கத்திரிக்காய்க் காம்பை எடுத்து உறிஞ்சிவிட்டு ஓரமாக வைத்தார். மூன்றாவது வாய் மென்றுகொண்டே, “உங்களுக்கு ஒரு வாய் வேணுமா சார்?” என்று கேட்டார்.

சுபாஷ் கைக்குட்டையை இன்னும் அழுத்திக்கொண்டான். நீர் வழிகிற கண்ணோடு அவரையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு கைக்குட்டையை எடுக்காமலேயே மற்றொரு கையால் சட்டைப் பையைத் துழாவி, இசக்கியப்பனின் கேட் பாஸை எடுத்து எட்டி நீட்டினான்.

சோற்றுக் கை படாமல் அதை இடது கையால் வாங்கித் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மண்ணாங்கட்டி டப்பாவின் மூலையில் ஒட்டியிருந்த சோற்றை வழித்து அடுத்த கவளத்தை உருட்டினார்.