மேலதிகாரி அம்மாவின் சாவு

ரசிகர் மன்றத்தில் அவளை எல்லோரும் ‘அஞ்சாம் பாகம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்துமூன்று பாகங்கள் வந்துவிட்ட அந்த உளவுப்படத் தொடரில் ஐந்தாவதுதான் படுதோல்வி. அதுதான் உள்ளதிலேயே உருப்படியான படம் என்று பதினெட்டு வருஷமாக ஒற்றை ஆளாக வாதாடி வாங்கிய பட்டம் அது. வயது நாற்பத்துமூன்று. கணவர் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். மனைவி எந்த ஒற்றனைப் பற்றிப் பேசுகிறாள் என்று கூட அவருக்குச் சரியாகத் தெரியாது.

மன்றம் மாதத்தின் முதல் ஞாயிறு மதியம், கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடையின் மாடியில் கூடும். கடைக்காரர்தான் தலைவர். அவள் பேச எழுந்தால் மற்றவர்கள் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொள்வார்கள். சீக்கிரம் முடியாது என்று தெரியும். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் வாயே திறக்கவில்லை. சுவர் ஓரமாக உட்கார்ந்து கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

அவள் வேலை செய்தது படங்களுக்குச் சப்டைட்டில் எழுதும் ஒரு சின்ன நிறுவனத்தில். மன்றத்தில் ‘டைப்பிங் வேலை’ என்று சொல்லிவைத்திருந்தாள். உண்மையைச் சொன்னால் நச்சரித்தே உயிரை எடுத்துவிடுவார்கள். போன மாதம் இருபத்துநாலாம் பாகம் அவள் மேஜைக்கே வந்து சேர்ந்தது. ஜன்னல் இல்லாத அறை. போனை வெளியே இரும்பு அலமாரியில் பூட்டிவிட்டு, கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். திரையில் படம் முழுக்கக் கறுப்பு அடித்திருக்கும். பேசுகிறவரின் உதடு மட்டும் தெரியும். அதைப் பார்த்தவர்கள் அந்த அலுவலகத்தில் மூன்றே பேர்: அவள், அவள் எழுதியதைத் திருத்தும் சரிபார்ப்பாளர், மேலாளர். உதடு மட்டும் தெரிந்தாலும் வசனம் போதுமே. கதை அவளுக்கு அக்குவேறு ஆணிவேறாகத் தெரிந்துவிட்டது. கடைசி ரீலை முடித்த அன்று கழிவறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள்.

படம் வெளிவர இன்னும் ஒரு மாதம் இருந்தது. கதாநாயகனாக நடித்தவர் இதோடு விலகுகிறார், தொடர் ‘புதிய பாதையில்’ போகப்போகிறது என்று தயாரிப்பாளர்கள் அறிவித்திருந்தார்கள். எந்தப் பாதை? மாடியில் அன்று அதுதான் பேச்சு. மன்றத்தினருக்கு அந்த ஒற்றன் எப்போதுமே ‘நம்மாளு’தான். அவரை வேலைக்கு ஏவுகிற உளவுத்துறைத் தலைவி ‘மேலதிகாரி அம்மா’.

“நம்மாளு இந்தப் படத்துல செத்தே ஆகணும்,” என்றார் கணக்கு வாத்தியார். மன்றத்திலேயே குரல் பெரியவர். “எத்தனை தடவைதான் முகத்தை மாத்தி முகத்தை மாத்தி ஓட்டுவாங்க? ஒரேயடியா முடிச்சிட்டு, மேலதிகாரி அம்மா புதுசா ஒரு பொண்ணைத் தேர்ந்தெடுத்துக் கொண்டு வரட்டும். அந்தம்மாதான் தொடருக்கே முதுகெலும்பு. அவங்க இருக்கிற வரைக்கும் யாரு வேணா ஒற்றனா இருக்கலாம்.”

“அப்ப அதுக்கு வேற பேரு வெச்சு வேற படம் எடுக்கட்டும்,” என்றார் கடைக்காரர். “நம்மாளு இல்லாத படத்துக்கு நான் எதுக்குக் காசு குடுக்கணும்?”

அரை மணி நேரத்தில் ஆளுக்கு ஆள் எழுந்து நின்றுவிட்டார்கள். இருபது வருஷமாக ஒன்றாகப் படம் பார்த்தவர்கள் ஒருவரை ஒருவர் ‘நீயெல்லாம் ரசிகனா’ என்று கேட்கிற அளவுக்கு முற்றிவிட்டது. அப்போதுதான் கடைக்காரர் அவள் பக்கம் திரும்பினார்.

“என்னம்மா அஞ்சாம் பாகம், உடம்பு சரியில்லையா? நீயாவது சொல்லு.”

“நான் இன்னிக்கு கேட்டுக்கிறேன் சார்.”

வாத்தியார் விடவில்லை. “அவங்க என்ன சொல்லுவாங்க? எதிர்காலத்தைப் பத்தி அவங்களுக்கு என்னிக்கு அக்கறை? தோத்துப்போன படத்தையே கட்டிக்கிட்டு அழுறவங்க.”

ஏளனம் சுருக்கென்று தைத்தது. “நம்மாளு சாகமாட்டாரு வாத்தியாரே. அந்தம்மா போன்ல சொல்லி முடிக்கிறதுக்குள்ளயே...”

நிறுத்திவிட்டாள். ஆனால் பாதி வாக்கியம் வெளியே போய்விட்டது.

எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள். கீழே தெருவில் ஒரு ஸ்கூட்டர் கிளம்பும் சத்தம் கேட்டது. “எந்தம்மா?” என்றார் வாத்தியார், குரலைத் தாழ்த்தி. “போன்ல என்ன சொல்லி முடிக்கிறதுக்குள்ள?”

“சும்மா... நானா கற்பனை பண்ணிப் பார்த்தேன்.”

“ஓ,” என்றார் அவர். அதற்குமேல் கேட்கவில்லை. அந்த ‘ஓ’தான் அவளைப் பயமுறுத்தியது. மற்றவர்களின் ரகசியத்தைத் தோண்டியெடுப்பதையே இருபத்துமூன்று படங்களாகப் பார்த்துப் பழகியவர்கள் அத்தனை பேரும்.

திங்கள் மாலை இணையத்தில் அது வந்துவிட்டது. ‘மேலதிகாரி அம்மா இறக்கிறார். தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்கும்போதே. நம்பத்தகுந்த தகவல்.’

செவ்வாய் காலை மேலாளர் எல்லோரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். தயாரிப்பு நிறுவனத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. கசிவு எங்கே நடந்தது என்று மூன்று நாளில் கண்டுபிடிக்காவிட்டால் இனி ஒரு படமும் கிடையாது. சொல்லும்போது மேலாளரின் பார்வை சரிபார்ப்பாளர் மீதே நின்றது. ஒருமுறை அந்த ஆள் மறந்துபோய்ப் போனோடு அறைக்குள் போய், எழுத்தில் எச்சரிக்கை வாங்கியிருந்தார். அவளுக்கும் அவருக்கும் ஒருபோதும் ஒத்துப்போனதில்லை. காற்புள்ளி ஒன்று இடம் மாறினால் மூன்று பத்தி மின்னஞ்சல் அனுப்புகிற மனுஷன்.

“நான் இல்ல சார்,” என்றார் அவர். விசாரணை முடியும்வரை வரவேண்டாம் என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவர் பையை எடுத்துக்கொண்டு வெளியேறுவதை அவள் பார்த்தாள். பார்த்துவிட்டு, கணினித் திரையைப் பார்த்துக்கொண்டாள்.

மதிய இடைவேளையில் ஆட்டோ பிடித்து வாத்தியாரின் பள்ளிக்கூட வாசலுக்குப் போனாள்.

“நீங்கதானே போட்டீங்க?”

“ஒரு ஊகமா...”

“ஊகம்னு எழுதலையே. நம்பத்தகுந்த தகவல்னு எழுதியிருக்கீங்க.”

“ஊகம்னு போட்டா யாரு படிப்பா? காலையிலேயே எடுத்துட்டேன் அக்கா. ஆனா அதுக்குள்ள ஆயிரக்கணக்குல பரவிடுச்சு.” சட்டென்று நிமிர்ந்து அவளைப் பார்த்தார். விஷயம் அப்போதுதான் அவருக்கு உறைத்தது. “இருங்க. நீங்க எதுக்கு இவ்வளவு பதறறீங்க? அப்ப அது நிஜமா?”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். வாத்தியார் மதில் ஓரத்துத் திட்டில் மெதுவாக உட்கார்ந்தார். “அந்தம்மா நிஜமாவே போயிடறாங்களா?” என்றார். அவர் முகத்தைப் பார்க்க அவளுக்கு மனம் தாங்கவில்லை. திட்டலாம் என்று வந்தவள் ஒரு வார்த்தையும் திட்டாமல் திரும்பினாள்.

மாலையில் கணவர் கையில் ஒட்டிய கிரீஸைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தபோது எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் குழாயை மூடிவிட்டுக் கேட்டார்.

“உன்மேல யாருக்காவது சந்தேகம் இருக்கா?”

“இல்ல.”

“அப்புறம் என்ன? சும்மா இரு. ஒரு மாசத்துல படம் வந்துடும், ஊருக்கே தெரிஞ்சுடும். எல்லாம் அடங்கிடும்.”

“அந்த ஆள் வேலை?”

“உனக்குத்தான் அவரைக் கண்டாலே ஆகாதே.”

“ஆகாதுதான்,” என்றாள். “அதனாலதான் பயமா இருக்குங்க. பிடிச்ச ஆளா இருந்தா அங்கேயே சொல்லியிருப்பேனோன்னு தோணுது.”

கணவர் துண்டில் கையைத் துடைத்தார். “என்ன செய்யறதுன்னு நீ முடிவு பண்ணிட்டுத்தான் என்கிட்ட வந்திருக்க,” என்றார்.

புதன் காலை அவள் மேலாளர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். சொல்லி முடிக்க ஐந்து நிமிஷம் கூட ஆகவில்லை. அவர் கத்தவில்லை, கத்தியிருந்தால் தேவலை. “பதினோரு வருஷம்,” என்றார். “உங்களைத் தவிர யார்மேல வேணா சந்தேகப்பட்டிருப்பேன்.” அன்றே வேலையிலிருந்து நீக்கிக் கடிதம் கொடுத்தார். தயாரிப்பு நிறுவனம் அதோடு சமாதானமாகிவிட்டது என்று பின்னால் தெரிந்தது.

அவள் இழுப்பறையைக் காலி செய்துகொண்டிருந்தபோது சரிபார்ப்பாளர் உள்ளே வந்தார். திரும்பி வரச்சொல்லி அழைத்திருந்தார்கள். நன்றி என்று ஏதாவது சொல்லிவிடுவாரோ என்று அவளுக்குக் கூச்சமாக இருந்தது. அவர் மேஜைக்கு எதிரே வந்து நின்றார்.

“நேத்து காலையிலேயே உங்களுக்குத் தெரியும்,” என்றார். “அப்பவே சொல்லியிருந்தா, என் பொண்ணு முன்னாடி நான் அழுதிருக்க மாட்டேன்.”

“தப்புதான் சார்.”

அவர் தலையாட்டிவிட்டுத் தன் இடத்துக்குப் போய்விட்டார். அந்த ஒரு நாளுக்கு அவளிடம் எந்தச் சமாதானமும் இல்லை. பிறகும் கிடைக்கவில்லை.

ஏழு வாரம் வீட்டில் இருந்தாள். அப்புறம், காது கேளாத மாணவர்கள் படிக்கும் ஒரு கல்லூரியில் வேலை கிடைத்தது. பாட வகுப்பு நடக்கும்போதே ஆசிரியர் பேசப் பேசத் திரையில் எழுத்தாக்கித் தர வேண்டும். வேதியியல் வகுப்பில் முதல் வாரம் திணறித்தான் போனாள். சம்பளம் குறைவு, கையெழுத்து வாங்கும் ரகசியம் எதுவும் இல்லை.

படம் வந்து ஓடிக்கொண்டிருந்தது. மேலதிகாரி அம்மா செத்துப்போனார். நம்மாளு பிழைத்துக்கொண்டார். மன்றத்துப் பக்கம் அவள் இரண்டு கூட்டமாகப் போகவில்லை. மூன்றாவது கூட்டத்துக்கு முந்தின நாள் கடைக்காரர் போன் செய்தார்.

“வாத்தியார் எல்லாத்தையும் சொல்லிட்டாரு. எழுந்து நின்னு, தான்தான் போட்டேன்னு ஒத்துக்கிட்டாரு. உன்னைச் சேர்க்கக்கூடாதுன்னு நாலு பேர் சொல்றாங்க. நான் மறைக்கல. வந்து நேராப் பேசு.”

போனாள். நாலு பேரும் நாலு விதமாகக் கேட்டார்கள். ஒருவர், இவ்வளவு காலம் எங்களிடமே பொய் சொல்லியிருக்கிறாயே என்றார். இன்னொருவர், அம்மா சாகிற காட்சியை எனக்குக் கெடுத்துவிட்டாய், அதை யார் திருப்பித் தருவது என்றார். அவள் எதையும் மறுக்கவில்லை. கேட்டதற்கெல்லாம் உள்ளது உள்ளபடி பதில் சொன்னாள். வெளியே போ என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. மன்னித்துவிட்டோம் என்றும் யாரும் சொல்லவில்லை. கடைசியில் கடைக்காரர் தொண்டையைக் கனைத்தார்.

“சரி. விஷயத்துக்கு வருவோம். அம்மா இல்லாம அடுத்த படம் எப்படிப் போகணும்?”

வாத்தியார் அவள் பக்கம் கையைக் காட்டினார். “அவங்க முதல்ல சொல்லட்டும்.”

அவள் தயங்கி எழுந்தாள். “அடக்கத்துக்கு மறுநாள்ல இருந்து ஆரம்பிக்கணும்,” என்றாள். “நம்மாளு அந்தம்மாவோட அறையைக் காலி பண்ணணும். முதல் இருபது நிமிஷம் ஒரு துப்பாக்கிச் சத்தம்கூட வரக்கூடாது.”

“இருபது நிமிஷமா?” என்றார் வாத்தியார், அடக்கமாட்டாமல். “தியேட்டர்ல ஒருத்தன் இருக்க மாட்டான் அக்கா.”

“இருப்பான் வாத்தியாரே. உட்காருங்க, சொல்றேன்.”