பன்னிரண்டாவது சட்டையின் தாய்

2003 இலையுதிர்காலத்தில் ஒஸ்லோவின் தென்பகுதிக்கு ஒரு பெரும் பாக்கியம் கிட்டியது. நாட்டின் முதல்தரக் கூடைப்பந்து லீக்கில் ஓர் இடம் காலியாக, வேறு யாரும் சீண்டாத அந்த இடத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு 'தெற்குக் கரடிகள்' என்றொரு புதிய அணி முளைத்தது. மற்ற அணிகள் வேண்டாமென்று கழித்துவிட்டவர்களைப் பொறுக்கிச் சேர்த்த அணி. அமெரிக்காவிலிருந்து இறக்கிய நட்சத்திரத்துக்கு ஒரு முழங்கால்தான் ஒழுங்காக வேலை செய்தது. சட்டை பன்னிரண்டு தைத்தாயிற்று, ஆள் பதினொன்றுதான் அகப்பட்டது. மிஞ்சிய சட்டைக்குள் புகுந்தவன் ஹொல்ம்லியாவில் குடியிருந்த மரியகொறற்றியின் மகன் கவிசன்.

மரியகொறற்றி முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை செய்தாள். கிழமை முழுவதும் உப்பும் உறைப்பும் இல்லாமல் உருளைக்கிழங்கு அவித்து, தின்கிறவர்களை விட அதிகமாகத் தானே மனம் நொந்தாள். கணவர் றெஜினோல்ட் நகரில் பஸ் ஓட்டினார். வீட்டில் அவர் பின் இருக்கைதான்.

ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பூசை முடிந்ததும் தேவாலய வாசலில் இன்னொரு பூசை நடக்கும். யாருடைய பிள்ளை எங்கே என்ன படிக்கிறது என்பதே அதன் வாசகம். உதயகுமாரியின் மகள் போலந்தில் மருத்துவம் படித்தாள். எத்தனையோ வருடமாக அந்தப் போலந்தைக் கேட்டுக் கேட்டு மரியகொறற்றிக்குக் காது புளித்துப்போயிருந்தது. இப்போது அவளிடமும் ஒன்று இருந்தது. மகன் 'புறொஃபெஷனல்' ஆட்டக்காரன் என்று மூன்று கிழமைக்குள் சபை முழுவதற்கும் சொல்லி முடித்தாள். சம்பளம் எவ்வளவு என்று கேட்டவர்களிடம், ஒப்பந்தம் ரகசியம் என்றாள். ரகசியம்தான். ரயில் மாதச்சீட்டும் ஒரு சோடிச் சப்பாத்தும் தருகிறார்கள் என்று வெளியில் சொல்லிக்கொள்ள எந்தக் கழகத்துக்குத்தான் மனம் வரும்?

ஒரேயொரு குறை. கவிசனைக் களத்தில் இறக்கவில்லை. கரடிகள் முப்பதால் தோற்றார்கள், நாற்பதால் தோற்றார்கள், ஒருமுறை வடக்கே போய்ப் பனியில் பஸ் சிக்கி, இறங்கித் தள்ளிவிட்டு வந்தும் தோற்றார்கள். பதினொரு பேரும் மாறி மாறித் தோற்றார்கள். கவிசனுக்கு மட்டும் தோற்பதற்கு முறை வரவில்லை. பருவம் முடிவதற்குள் ஒரு நிமிடமாவது அவன் பந்தோடு ஓடுவதைச் சனம் காண வேண்டும், இல்லாவிட்டால் தேவாலய வாசலில் முகம் காட்ட முடியாது என்று மரியகொறற்றி தவித்தாள்.

வழி அவளுக்குத் தெரியாததல்ல. டுக்னாட் என்று இந்த நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. சம்பளமில்லாத வேலையைப் பெற்றோர் எல்லோரும் பல்லைக் காட்டிக்கொண்டு செய்வது. கரடிகள் விளையாடும் ஹவுகெட்டோ மண்டபத்தில் வாஃபிள் சுட்டு விற்கும் முறை அவளுக்கு வந்தபோது, மட்டன் றோல்ஸும் பொரித்துக் கொண்டுபோனாள். விற்பதற்கு ஒரு சட்டி. பயிற்றுநர் ஸ்டைனாருக்கென்று வெள்ளித்தாள் சுற்றிய தனிப் பெட்டி. நல்லாய்ச் சாப்பிட்ட மனுசன் நன்றி மறக்கமாட்டான் என்பது அவளுடைய கணக்கு. அந்தப் பெரிய மனிதரும் வாய் நிறையத் தின்றுவிட்டு, ஒவ்வொரு முறையும் கைகுலுக்கி நன்றி சொன்னார். கவிசன் பெஞ்சைத் தேய்த்துக்கொண்டே இருந்தான்.

பெப்ரவரியில் பொறுமை போய், நேரே கேட்டுவிட்டாள். ஸ்டைனார் காது சிவக்க, நெடுநேரம் தன் சப்பாத்தையே பார்த்தார். பிறகு, தான் 'இன்ஹபில்' ஆகிவிட்டதாகச் சொன்னார். ஒருவர் கையால் வாங்கித் தின்றவன் அவருடைய பிள்ளையைப் பற்றி முடிவெடுக்கக்கூடாதாம். இப்போது கவிசனை இறக்கினால் றோல்ஸுக்காக இறக்கியதாகிவிடுமாம். தின்பதற்கு முன்னால் வராத ஞானம்.

மரியகொறற்றிக்கு நெஞ்சு வெடித்தது. தன் கையாலேயே பிள்ளைக்குப் பள்ளம் தோண்டிவிட்டேனே என்று அழுதாள். அன்றோடு பொரிப்பதை நிறுத்தினாள். பயிற்றுநருக்கு ஒரு கோப்பை கோப்பிகூட ஊற்றவில்லை. மனுசன் சுத்தமாகி விட்டார், கடைசிப் போட்டியில் இறக்குவார் என்று நம்பி உதயகுமாரியையும் அழைத்துவந்தாள்.

கடைசிப் போட்டியில் கரடிகள் முப்பத்தெட்டுப் புள்ளி பின்னால் நின்றார்கள். நட்சத்திரத்தின் மற்ற முழங்காலும் போய்விட்டது. ஸ்டைனார் திரும்பிக் கவிசனைப் பார்த்தார். அவன் தலையை மெல்ல ஆட்டி மறுத்தான். வாஃபிள் மேசையிலிருந்து மரியகொறற்றி அதைத் தெளிவாகக் கண்டாள்.

சனம் கலைந்ததும் மகனை மேசைக்கு அழைத்து, ஏன் மாட்டேன் என்றாய் என்று கேட்டாள். அவன் வாஃபிள் சுட்ட இரும்பைச் சுரண்டத் தொடங்கினான்.

"எனக்கு இந்த அளவுக்கு விளையாட வராதம்மா. ஆள் காணாதெண்டுதான் எடுத்தவை. ஒக்ரோபரிலேயே கோச் சொன்னவர்."

"அப்ப அந்த இன்ஹபில்?"

"நான்தான் அப்பிடிச் சொல்லச் சொன்னனான். அந்தாளுக்குப் பொய் சொல்லவே வரேல்லை. நீங்கள் ஊரெல்லாம் சொல்லிப்போட்டியள். சனத்துக்கு முன்னாலை உங்களுக்கு வெக்கமாப் போடும் எண்டுதான்."

அவளுக்குக் கோபம் வந்தது. மகன்மேல் அல்ல, தன் வாய்மேல். தான் விரித்த பெருமையைத் தூக்கிப்பிடிக்க இந்தப் பிள்ளை ஒரு பனிக்காலம் முழுவதும் பெஞ்சில் இருந்திருக்கிறான். ஈரத்துணியை எடுத்து மேசையைத் துடைத்தாள்.

ஹொல்ம்லியாவுக்குத் திரும்பும் ரயிலில் உதயகுமாரி எதிரே வந்து உட்கார்ந்தாள். கவிசன் கேட்கும் தூரத்தில் கதவோரம் நின்றான். இவ்வளவு கேவலமாகத் தோற்கிற நேரத்திலும் உங்கடை மகனை ஏன் இறக்கேல்லை என்று, இரக்கம் சொட்டச் சொட்டக் கேட்டாள் உதயகுமாரி.

"என்ரை பிழைதான்," என்றாள் மரியகொறற்றி. "கோச்சுக்கு நான் றோல்ஸ் குடுத்தனான். இஞ்சை அப்பிடிக் குடுத்தால், பிறகு அவை பிள்ளையைத் தொடமாட்டினம். நான் குடுக்காமல் விட்டிருந்தால் இவன் விளையாடியிருப்பான்."

உதயகுமாரியின் முகம் வெளிறியது. மகளின் பேராசிரியருக்கு அவள் நத்தார்ப் பண்டிகைதோறும் கேக் அனுப்பிக்கொண்டிருந்தாள். அது போலந்து, அங்கே சட்டம் வேறாக இருக்கும் என்று முணுமுணுத்தாள்.

கவிசன் வந்து தாயின் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தான். அடுத்த பருவம் வேறு பெடியனைப் பார்க்கும்படி கோச்சிடம் சொல்லிவிட்டதாக அவள் காதுக்குள் சொன்னான். "நல்லது," என்றாள் அவள்.