டேப்புக்கும் மேசைக்கும் நடுவில்

எங்கள் தையல் கடையில் கத்தரி பிடிப்பவர் என் கொழுந்தனார். எல்லோரும் கட்டிங் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். நான் அவருக்கு அண்ணி. மூலையில் உட்கார்ந்து காஜா எடுப்பதும் பட்டன் வைப்பதும் என் வேலை. அளவைத் தாளில் குறிக்கும் பழக்கம் அவருக்குக் கிடையாது. ஆளின் மேல் டேப்பை ஓட்டுவார், இரண்டு எட்டு வைத்து மேசைக்கு வருவார், சாக்கால் கோடு போட்டுவிடுவார்.

கொரோனா அவரைப் புரட்டிப் போட்டது. ஆண்டவன் புண்ணியத்தில் பிழைத்து வந்தார். இனி ஒன்றுமில்லை என்று சொல்லித்தான் ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பினார்கள். ஆனாலும் படி ஏறினால் இளைப்பு; மத்தியானம் வெட்டு மேசைக்கு அடியிலேயே படுத்துவிடுவார். அதுகூடப் போகட்டும். டேப்புக்கும் மேசைக்கும் நடுவில் எண்கள் காணாமல் போயின. ஆள் பெயர் மறக்கவில்லை, கும்பிடும்போது சொல்கிற வார்த்தை ஒன்றுகூட மறக்கவில்லை. எண் மட்டும் நிற்கவில்லை. இது என்ன விந்தை என்று எனக்கு ஓயாத யோசனை.

"அண்ணி, இடுப்பு சொன்னேனே, எவ்வளவு?"

"எங்க தம்பி சொன்னீங்க? வாயே திறக்கலையே!"

நானே டேப்பைப் பார்த்து எழுதிக் கொடுத்தேன். தாளைப் பார்த்துவிட்டுத் துணிப் பக்கம் திரும்புவதற்குள் அதுவும் போய்விடும்.

அப்போதுதான் ரொட்டிக்கடைக்காரர் மகள் கல்யாணத்துக்கென்று பேன்ட் துணி கொண்டுவந்தார். நல்ல பருமனான மனிதர். தைத்ததைப் போட்டுப் பார்க்கத் திரைக்குப் பின்னால் போனவர் அங்கிருந்தே சத்தம் கொடுத்தார்.

"மாஸ்டர், முட்டிக்கு மேல ஏற மாட்டேங்குது! இது என் காலுக்குத் தச்சதா, கைக்குத் தச்சதா?"

அவர் சிரித்துக்கொண்டே வேறு துணி கொண்டுவருவதாகச் சொல்லிப் போனார். மாஸ்டருக்குச் சிரிப்பு வரவில்லை.

"இனி நான் வெட்ட மாட்டேன் அண்ணி. ரெடிமேட் கம்பெனியில யாராவது வெட்டிக் கொடுத்ததைத் தச்சுட்டுப் போறேன். கடையை மூடிடலாம்."

எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியவில்லை. மனதில் கிடந்த கேள்வியைக் கேட்டுவிட்டேன்.

"கோவிச்சுக்காதீங்க தம்பி. அந்த எண்ணு எப்படிப் போகுது? மங்கி மங்கிப் போகுதா, பட்டுனு போகுதா?"

இதை அதுவரை யாரும் அவரிடம் கேட்டதில்லை போலும். கண்ணை மூடி யோசித்தார்.

"டேப்பை விரல்ல பிடிச்சிருக்கிற வரைக்கும் இருக்கு. விரலை விட்டதும் போயிடுது."

"அப்போ விடாம நடந்து வாங்களேன், பார்ப்போம்."

என் நாற்காலியின் முதுகை அளந்தார். டேப்பைக் கிள்ளிப் பிடித்தபடியே மேசைக்கு வந்து கோடு போட்டார். நாற்காலியைத் தூக்கிக் கோட்டின் மேல் வைத்துப் பார்த்தோம். மயிரிழை பிசகவில்லை!

"பேன்ட்டுக்கு அளவு ஏழெட்டு இருக்கே அண்ணி. எனக்குக் கை ரெண்டுதானே?" என்றவர், ஏதோ தோன்றியதுபோல் வெட்டுத்துணி ஒன்றை இழுத்தார். கரையோரமாக நாடாபோல் கிழித்தார். "கைக்குப் பதிலா இது பிடிச்சுக்கட்டும்."

ரொட்டிக்கடைக்காரர் திரும்பி வந்தபோது மாஸ்டர் அவருடைய துணியிலிருந்தே ஒரு நாடா கிழித்தார், வேறு ஆளோடு மாறிவிடக் கூடாதே. அதையே இடுப்பில் சுற்றி, சுற்று முடிந்த இடத்தில் கத்தரி நுனியால் ஒரு வெட்டு. எது எந்த அளவு என்று அடையாளம் தெரிய, தொடைக்கு இரண்டு வெட்டு, உயரத்துக்கு மூன்று.

"என்ன மாஸ்டர், கல்யாணத்துக்கு முன்னாடியே என்னைக் கட்டிப் போடுறீங்க?"

"அசையாம நில்லுங்க."

நாடாவை மேசையில் துணிமேல் விரித்து, வெட்டு விழுந்த இடத்தில் கோடு போட்டார். முன்பெல்லாம் ஒரு பேன்ட் வெட்டும் நேரத்தைப்போல் இரண்டு மடங்கு ஆயிற்று. நடுவில் இரண்டு தடவை உட்கார்ந்து மூச்சு வாங்கினார்.

போட்டுப் பார்க்கும் நாளில் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டே ஆண்டவனை வேண்டினேன். ரொட்டிக்கடைக்காரர் திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தார். குனிந்தார், உட்கார்ந்தார், எழுந்தார்.

"விருந்து சாப்பிடவும் இடம் இருக்கு மாஸ்டர்!"

மாஸ்டர் இடுப்புத் தையலை விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பார்த்தார். வாசலில் இன்னொருவர் துணியோடு நின்றுகொண்டிருந்தார்.

"அவரை உட்காரச் சொல்லுங்க அண்ணி. கொஞ்சம் இளைப்பு ஆறட்டும், வந்து அளக்கிறேன்."