எட்டில் ஒரு பங்கு

அம்சவல்லி எதைச் செய்தாலும் எட்டில் ஒரு பங்கு பெரிதாகத்தான் செய்வாள். விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறையில் இருபத்திரண்டு வருஷமாக அச்சு செய்கிறவள். சூளையில் வேகும்போது மண் சுருங்கும். எட்டங்குலப் பிள்ளையார் வேண்டுமென்றால் ஒன்பது அங்குலத்துக்கு வைக்க வேண்டும். அம்சா வார்த்தால் தோசைகூடக் கல்லுக்கு வெளியே வழியும் என்று வீட்டில் கேலி செய்வார்கள்.

கேலியெல்லாம் போன வருஷம் வரைக்கும்தான். காய்ந்த மண்ணைத் தேய்க்கிறபோது பறந்த தூசி நெஞ்சில் இறங்கிவிட்டது. "இனிமே மண்ணு பக்கமே போகாதீங்கம்மா" என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். அவருக்கென்ன, சொல்லிவிட்டார். அவளுக்கு வேறு என்ன தெரியும்?

அப்போதுதான் அமீனுதீன் பாய் கூப்பிட்டனுப்பினார். கத்தாரில் வரைபடம் போடும் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். மாடி அறை முழுக்கத் தண்டவாளம் போட்டுக் குட்டி ரயில் ஓட்டுகிறார். விருத்தாசலம் ஜங்ஷனையும் கடைத்தெருவையும் அட்டையில் செய்து தர ஆள் தேடினார். முதலில் ஸ்டேஷனும் பிளாட்பாரமும். பிடித்துப்போனால் முழு ஊரும் அவளுக்கே. ஒன்றரை வருஷ வேலை, மண்ணைத் தொடவே வேண்டாம்.

வெள்ளிக்கிழமை மதியம், செய்து முடித்த இரண்டையும் பாய் வீட்டு மாடிக்குத் தூக்கிப்போனாள்.

"நீ பொருத்தி வையிம்மா. ஜும்மா முடிச்சிட்டு வந்து ரயில வுட்டுப் பாப்போம்" என்று பாய் பள்ளிவாசலுக்குக் கிளம்பினார்.

இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே பிளாட்பாரத்தை வைத்தாள். அது பொருந்தி உட்காரவில்லை. இரு பக்கமும் தண்டவாளத்தின் மேல் ஏறி நின்றது. அளந்து பார்த்தாள். இடைவெளி எட்டு சென்டிமீட்டர், பிளாட்பாரம் ஒன்பது.

அட்டை எந்தச் சூளைக்குப் போகிறது! தலையில் அடித்துக்கொண்டாள். கை தன் பாட்டுக்குக் கூட்டிவைத்திருக்கிறது. பிளேடை எடுத்து ஓரங்களை அறுத்தாள். அவசரத்தில் ஒரு பக்கம் கோணிப்போனது. அதைத் தேய்த்துச் சரிசெய்து, அழிந்த மஞ்சள் கோட்டை மறுபடி இழுத்தாள். பெயிண்ட் காய்வதற்குள் படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

பாய் வந்ததும் சுவிட்சைப் போட்டார். வளைவில் திரும்பி ரயில் வந்தது. அம்சவல்லி குனிந்து பிளாட்பாரத்தின் ஓரத்தையே பார்த்தாள். மயிரிழை இடைவெளியில் எஞ்சின் உரசாமல் கடந்து போயிற்று. அப்பாடா என்று இருந்தது.

அந்த அப்பாடா அரை நிமிஷம்கூட நிற்கவில்லை. பாய் இரும்பு ஸ்கேலை எடுத்து ஸ்டேஷன் கதவில் வைத்தார்.

"மூணு மில்லி கூடுதலா இருக்குதே. ஜன்னலும் பெருசு. என்னம்மா இது?"

சாக்கு ஒன்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினாள்.

"கைப்பழக்கம் பாய். சூளையில சுருங்கிடும்னு கூட்டிட்டேன்."

பாய் வெடித்துச் சிரித்தார். "அப்ப இதையே மண்ணுல செஞ்சு சுட்டா சரியான அளவுக்கு வந்துடும்ல? நம்மூரு ஸ்டேஷன் நம்மூரு பீங்கான்ல! முழு ஊரையும் அப்படியே செஞ்சுடும்மா!"

தலையை ஆட்டினால் போதும், வேலை அவளுக்கு. அவளுக்கு அழுகைதான் வந்தது.

"மண்ணு வேணாம் பாய்." அதற்குள் இருமல் பிடித்துக்கொண்டது. அது அடங்கும்வரை அவர் ஸ்கேலைப் பிடித்தபடி நின்றார். "டாக்டரு தொடக்கூடாதுன்னுட்டாங்க. மண்ணுலதான் வேணும்னா வேற ஆளப் பாத்துக்குங்க. அட்டையிலன்னா எட்டு நாள்ல திரும்பச் செஞ்சு எடுத்தாரேன்."

பாய் ரயிலை நிறுத்தினார். ஸ்டேஷனைத் தூக்கி அவள் கையில் கொடுத்து, அதன்மேல் ஸ்கேலையும் வைத்தார்.

"அட்டையிலயே செய். ஊரு முழுக்க நீதான். ஆனா ஸ்கேலு சொல்றதக் கேளு, கை சொல்றதக் கேக்காத."

சாயங்காலமே புது அட்டையில் கதவுக்குக் கோடு போட்டாள். பிளேடை வைத்ததும் கை மூன்று மில்லி வெளியே நகர்ந்தது. திட்டிக்கொண்டே அதைக் கோட்டுக்கு இழுத்து வந்து அறுத்தாள். இரவு படுக்கப் போகுமுன் ஒரு தரம் அளந்து பார்த்தாள். கதவு அறுத்த அளவிலேயே இருந்தது.