நீல விளக்கு எரிகிற ஜாக்கி

எங்கள் முட்டை பிக்கப்பை ஓட்டுவது என் மச்சினன் செந்தில். பாட்டு இல்லாமல் வண்டியை நகர்த்தவே மாட்டான். பாட்டு இன்னும் அதிர சப்வூஃபர் ஸ்பீக்கர் மாட்டலாமா என்று போன மாதம் கேட்டான். முட்டை அதிரும், வேண்டாம் என்று சொல்லியிருந்தேன்.

இப்போதெல்லாம் முட்டை அதிகமாக உடைகிறது. கேட்டால் ரோட்டைக் குறை சொல்கிறான். ரோடு எப்போதும் போலத்தான் இருக்கிறது.

அதனால் இன்று மேட்டூர் லோடுக்கு நானும் கூட ஏறினேன்.

திருச்செங்கோடு தாண்டியும் பாட்டு இல்லை.

"ஏன்டா, பாட்டுப் போடலையா?"

"தலவலிங்க மாமா."

அப்போதே சந்தேகம் வந்துவிட்டது. காலைப் பின்னால் இழுத்தேன், குதிகால் எதிலோ இடித்தது.

"சீட்டுக்கடியில என்னடா?"

"ஜாக்கிங்க மாமா."

குனிந்து பார்த்தேன். கறுப்புத் துணி சுற்றி, ஓரத்தில் நீல விளக்கு எரிகிற ஜாக்கியை நான் இதுவரை பார்த்ததில்லை.

"எங்க, இத வச்சு வண்டியத் தூக்கிக் காட்டு பாக்கலாம்."

அந்த நேரம் பார்த்து அவனுக்குப் போன் வந்தது. அதை வண்டியின் ப்ளூடூத்தோடு இணைத்து வைத்திருக்கிறான். அவசரமாகக் கட் பண்ணப் போனவன், பட்டனை மாற்றி அழுத்திவிட்டான்.

என் சீட்டே அதிர்ந்தது.

"சாமி, உங்க மாமன் ஒண்ணும் கண்டுபுடிக்கலையே? ஜாக்கிய ஊட்டுல அரிசி மூட்டைக்குப் பின்னால வெச்சிருக்கேன்."

செந்திலின் அக்கா. அதாவது, என் மனைவி.

சத்தம் அருமை, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இதைப் படிக்கிற உங்களில் வேறு யாருக்கெல்லாம் முன்பே தெரியும்? மரியாதையாகக் கமெண்டில் வந்து ஒப்புக்கொள்ளுங்கள்.