வில்லனின் இடது கன்னம்

மேக்கப்காரருக்குக் காலையிலிருந்தே எரிச்சல். இருபத்திரண்டு வருடமாக இதே பாட்டுத்தான். நாயகன் வந்தால் முகத்தைப் பளிச்சென்று ஆக்க வேண்டும். வில்லன் வந்தால் புருவத்தைத் தடியாக்கி, கண்ணுக்குக் கீழே கருமை அப்பி, கன்னத்தில் ஒரு தழும்பு. அவன் வாயைத் திறக்கும் முன்பே சனங்கள் சபிக்கத் தொடங்கிவிட வேண்டும்.

மறுபேச்சில்லாமல் செய்துவந்தவர்தான். ஆனால் மூன்று நாட்களாக மகள் அவரோடு பேசவில்லை.

தோழிகளோடு அப்பா வேலை செய்த படத்துக்குப் போனவள், இடைவேளையிலேயே எழுந்து வந்துவிட்டாள். நான்கு வயதில் வெந்நீர் கொட்டி, அவள் இடது கன்னத்தில் ஒரு தழும்பு உண்டு. கண்ணோரம் தொடங்கி, நடுவில் வளைந்து, தாடையருகே இரண்டாகப் பிரியும். திரையில் வில்லனின் கன்னத்திலும் அதே வளைவு, அதே பிரிவு.

"ஊர்ல வேற மூஞ்சியே கிடைக்கலையா உங்களுக்கு?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வேண்டுமென்றா செய்தார்? மாதக்கணக்கில் மருந்து தடவித் தடவி விரலுக்கு மனப்பாடமாகிவிட்ட தழும்பு அது. பிரஷ்ஷை எடுத்ததும் கை தானாகவே போட்டுவிட்டது. இதைச் சாத்திய கதவிடம் எத்தனை தடவை சொல்வது!

இப்போது புதுப்படத்தின் இயக்குநர் வேறு வந்து நின்றார். போன படத்தில் போட்ட அதே தழும்புதான் வேண்டுமாம், இன்னும் கொஞ்சம் பெரிதாக. மேக்கப்காரர் மீசையை மாற்றலாம் என்றார், கறுப்புக் கண்ணாடி என்றுகூடச் சொல்லிப் பார்த்தார். எதுவும் எடுபடவில்லை. வில்லன் நடிகரோ, பரம சாது, கன்னத்தைக் காட்டியபடி நாற்காலியில் தூங்கி வழிந்துகொண்டிருந்தார்.

"தழும்பு இல்லன்னா அவன் கெட்டவன்னு எப்படிண்ணே தெரியும்?" என்றார் இயக்குநர்.

"வீட்டைக் கொளுத்துறான், நாலு பேரை வெட்டுறான். அதுல தெரியாததா கன்னத்துல தெரியப்போகுது? என்னால முடியாது சார்."

அரை மணி நேரத்தில் வேறு ஆள் வந்துவிட்டான். மத்தியானமே மேக்கப்காரர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, வழியெல்லாம் இயக்குநரையும் தன் கையையும் மாறி மாறித் திட்டியபடி வீடு வந்து சேர்ந்தார்.

மகள்தான் கதவைத் திறந்தாள். "என்ன, அதுக்குள்ள வந்துட்டீங்க?"

மூன்று நாளில் முதல் பேச்சு. நடந்ததில் பாதியைத்தான் சொல்லியிருப்பார். மீதியை அவளே புரிந்துகொண்டாள். அவர் கையிலிருந்த பெட்டியை வாங்கிக்கொண்டாள்.

"கோபம் இன்னும் போகலப்பா," என்றாள். "ஆனா உள்ள வாங்க, சாப்பிடலாம்."