அம்மா சிரித்த காட்சி

நேற்று மாலை தொலைக்காட்சியில் இந்த ஆண்டுத் திரைப்பட விருதுக்குப் பரிந்துரையான படங்களைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு பெயரோடும் ஒரு துண்டுக் காட்சி வந்தது. தேநீரை மறந்து உட்கார்ந்துவிட்டேன்.

தொண்ணூறுகளில், இலங்கை மலையகத்தின் டயகமவில் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு ஒரு சிங்களப் படம் எடுக்க வந்தார்கள். கொழுந்து பறித்துக்கொண்டிருந்த அம்மாவிடம் கேமராவைத் திரும்பிப் பார்த்துச் சிரிக்கச் சொன்னார்கள். சிரித்தாள்.

"ஊரே பாக்க என்னா சிரிப்பு?" என்று அப்பா கோபித்துக்கொண்டார். பல நாள் பேசவில்லை. பேச்சு திரும்பிய பிறகும் மனத்தாங்கல் போகவில்லை.

மறுவருஷம் அந்தப் படம் சிறந்த ஒளிப்பதிவுக்குப் பரிந்துரையானது. வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் டிவி இருந்தது மீனாட்சி அத்தை வீட்டில் மட்டும்தான். விருது விழாவைப் பார்க்க, ஈரக் கம்பளியும் விறகுப் புகையும் மணக்க, அங்கே நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தோம். திடீரென்று திரை முழுக்க அம்மா. தலையில் கூடைக் கயிறு, கண்ணெல்லாம் சிரிப்பு.

"அடியே, ஒங்கம்மாடி!" என்று அத்தை என் தோளை உலுக்கினாள். அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நான் வாசலில் நின்ற அப்பாவைப் பயத்தோடு பார்த்தேன். காட்சி மாறிய பிறகும் அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்புள்ள, நீ இப்பிடியெல்லாம் சிரிப்பியா?"

"நீங்க எங்க சிரிக்க விட்டீங்க?" என்றாள் அம்மா, முந்தானைக்குள்ளிருந்தே.

விருது வேறு படத்துக்குப் போனது. எங்கள் வீட்டில் யாரும் கவலைப்படவில்லை. அதன்பிறகு அம்மா ரொட்டி சுடும்போதெல்லாம் அப்பா அடுப்படியில் உட்கார்ந்து, கங்காணியைப் போலவும் துரையைப் போலவும் நடித்துக் காட்டுவார். அம்மா உதட்டைக் கடித்து அடக்கிப் பார்ப்பாள். ரொட்டி கருகும் நேரத்தில் வெடித்துச் சிரித்துவிடுவாள்.